ஐந்தாம் அத்தியாயத்தில் உன் அப்பா

கோர்த்ரைக்,
7 பிப்ரவரி 2019

என் லீவனுக்கு,

உன் புத்தகத்தின் அச்சுப்படி செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் மழையில் நனையாமல் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டே நாளில் படித்து முடித்தேன். பதினான்கு பிழைகள். சிவப்புப் பென்சிலில் வட்டமிட்டு இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

ஆன்மா என்றால் என்னவென்று எங்கள் கான்வென்டில் லுதோவிகா சிஸ்டர் ஒரே காலைப்பொழுதில் சொல்லி முடித்தார். உனக்கு முந்நூறு பக்கமும், சினிமாவில் எழுந்து நடக்கும் பிணங்களும், மனிதரை நகலெடுக்கும் இயந்திரமும் தேவைப்படுகின்றன. ஆனாலும் இரண்டாம் அத்தியாயம் எனக்குப் பிடித்திருந்தது. இயந்திரத்துக்குள் போனவனும் வெளியே வந்தவனும் ஒருவன்தானா, அவனை நேசித்தவர்களுக்கு அது தெரியுமா என்று கேட்கிறாய். அதை யோசித்துக்கொண்டே நின்றதில் சூப் அடிப்பிடித்துவிட்டது.

எழுத உட்கார்ந்தது ஐந்தாம் அத்தியாயத்துக்காக. திகில் படத்தில் செத்தவன் வீடு திரும்புகிறான், முகம் அதே முகம், உள்ளே ஆள் இல்லை என்கிறாய். அடுத்த பக்கத்திலேயே மறதிநோய் வந்த ஒரு கணவர். அவர் மனைவி உன்னிடம் சொல்கிறாள்: "இது என் புருஷன் இல்ல. அவர் முகத்தைப் போட்டுக்கிட்டு வேற எதுவோ உக்காந்திருக்கு."

அது நான் சொன்னது. என் சமையலறையில், உன்னிடம் மட்டும் சொன்னது. உன் அப்பாவை அடக்கம் செய்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெயர் போடவில்லை என்று சொல்லாதே. பக்கத்து வீட்டுத் திருமதி தெப்ரே நீ எழுதுவதையெல்லாம் வாங்குகிறாள். ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. நான் அடிக்கடி எதையும் கேட்பவள் அல்ல.

அம்மா

*

குரோனிங்கன்,
12 பிப்ரவரி

அன்பு அம்மாவுக்கு,

சிவப்புப் பென்சிலைப் பார்த்த பதிப்பாளர், "உங்கம்மா நம்மகிட்ட வேலைக்கு வருவாங்களா?" என்று கேட்கிறார். சம்பளம் போதாது என்று நீங்கள் சொல்வீர்கள் என்றேன்.

அந்த அத்தியாயத்தை என்னால் எடுக்க முடியாது. மார்ச் முதல் தேதி புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஆனால் காரணம் அதுவல்ல. பேய்ப்படம் என்றால் என் மாணவர்கள் சிரித்துக்கொண்டே வந்து உட்காருகிறார்கள். நீங்கள் சொன்ன அந்த வாக்கியத்தைப் படித்தால் மட்டும் ஒருவரும் சிரிப்பதில்லை.

அன்று நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "முதியோர் இல்லத்துக்குப் போய் அப்பாவைப் பாத்துட்டு வரேன்" என்றேன். நீங்கள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவே இல்லை. "யாரைப் பாக்கப் போறே? அங்க உங்கப்பா இல்லடா." அதற்கப்புறம்தான் அந்த வாக்கியம். நான் இல்லத்துக்குப் போகாமலே ரயிலேறினேன். பதினோரு மாதம் கழித்து அடக்கத்துக்குத்தான் வந்தேன். ஏன் வரவில்லை என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

உடம்பு இருக்கும்போதே அப்பா போய்விட்டார் என்றால் நான் யாரையும் தனியாக விட்டுவிடவில்லை. அதை நிரூபிக்கத்தான் இத்தனை படம் பார்த்தேனோ என்று சில நாள் தோன்றுகிறது.

நீங்கள் சொன்னது சரிதானே அம்மா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் லீவன்

*

கோர்த்ரைக்,
19 பிப்ரவரி

லீவன்,

'ஆமாம்' என்று நான்கு முறை எழுதி நான்கு தாளையும் கிழித்துப் போட்டேன். இரக்கத்துக்காக ஒரு பொய் சொல்லலாம் என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். அது அச்சில் ஏறப்போகிறது என்று நினைத்தால் கை வரவில்லை.

நான் சொன்னது சரியில்லை.

இந்த ஊரில் எல்லா அப்பாக்களையும் போல, சின்ன வயதில் நீ படுக்கப் போகும்போது அவர் உன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவார். இல்லத்தில் அதைத் திரும்ப ஆரம்பித்தார். சாயங்காலம் சூப் குடித்ததும் அதே சிலுவையைத் தலையணையில் போட்டு, "தூங்குடா லீவன்" என்பார். ஆள் போன பிறகும் உடம்பு தன் பழக்கத்தைச் செய்துகொண்டிருக்கும் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அங்கே பிராம் என்று ஒரு பணியாளர். ஆறடி உயரம், நல்ல மனது. ஒருநாள் அவர் மண்டியிட்டு, "நான்தான் லீவன் வந்திருக்கேன், போடுங்கப்பா" என்று தலையை நீட்டினார். உன் அப்பா விரலை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

"நீ நல்ல புள்ளதான். ஆனா என் மகன் நீ இல்ல. அவன் தூரத்துலேருந்து வரணும், நேரமாகும்."

பிராம் எத்தனையோ முறை முயன்றார். ஒருமுறைகூட உன் அப்பாவை ஏமாற்ற முடியவில்லை. உன் இரண்டாம் அத்தியாயத்துக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

பிறகு என்னை நர்ஸ் என்று நினைத்து என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், அவன் வந்தா என்னை எழுப்புங்க" என்பார். முதல்முறை என்னை அப்படிக் கூப்பிட்டது, அன்று நீ என் சமையலறைக்கு வந்ததற்கு முந்தின நாள். நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவளைத் தெரியவில்லை, உன்னைத் தெரிந்தது. அந்த ஆத்திரத்தில்தான் அப்படிச் சொன்னேன்.

நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டிருக்கலாம். நீ வந்தால் உன் பெயரைச் சொல்லிக் கட்டிக்கொள்வார், நான் பக்கத்தில் சிஸ்டராக நிற்க வேண்டும். அதனால் கூப்பிடவில்லை.

அத்தியாயத்தைப் பற்றி இனி எதுவும் கேட்க மாட்டேன்.

அம்மா

*

கோர்த்ரைக்,
27 பிப்ரவரி

லீவன்,

கடிதம் கிடைத்ததா? ஐந்து முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டேன். உன் துறையில் ஒரு பெண் எடுத்து, "இந்த வாரம் வகுப்பு எதுவும் எடுக்கலங்க, உடம்பு சரியில்லன்னு சொன்னார்" என்றாள். உடம்புக்கு என்ன? திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது. வெறும் உறையாவது வரட்டும். அதில் உன் கையெழுத்து இருக்குமே.

அம்மா

*

குரோனிங்கன்,
3 மார்ச்

அம்மா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அச்சுக்குப் போவதற்கு முன்பே ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். நான்குக்குப் பிறகு ஆறு வரும். எண்ணை மாற்றித் தருவதாகப் பதிப்பாளர் சொன்னார். வேண்டாம் என்றேன்.

நீங்கள் சொன்ன ஒரே வாக்கியத்தை நான் அவ்வளவு சுலபமாக நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. பதினோரு மாதத்தில் ஒருநாள் நானே போய்ப் பார்த்திருக்கலாம். அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நீங்கள் என்னைக் கூப்பிடாமல் இருந்ததற்குச் சொல்வேன். எவ்வளவு காலம் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். பிராமிடம் பேசிவிட்டேன், இல்லத்தின் வாசலில் காத்திருப்பதாகச் சொன்னார். அவர் சொல்வதை நான் தனியாகக் கேட்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வராதீர்கள்.

அதன் பிறகு நேராகத் திரும்பிப் போனாலும் போவேன். வீட்டுக்கு வந்தால், என்னிடம் சாவி இருந்தாலும், மணியடிப்பேன்.

லீவன்