மணத்தக்காளிப் பழத்தின் கறுப்பு

1957 ஆகஸ்டு 5, திங்கள். மலாய் நாடு, கஜா பெராங்.
விடிந்ததும் விடியாததுமாகக் கற்றாழைச் சோறு. சளியை மோரில் கலக்கிக் குடித்த மாதிரி இருந்தது. தூ! வயிற்றுப்புண் என்று வாய் தவறிச் சொன்னால் போதும், ஊரே வைத்தியனாகிவிடும். முட்டைக்கோசைப் பிழிந்து கோகிலா ஒரு டம்ளர் கொடுத்தாள். கட்டினவள் முகத்துக்காகக் குடித்தேன். ஏப்பத்தில் இன்னும் அந்த நாற்றம். கடையில் துணி வெட்டக் குனிந்தால் குத்துகிறது. தலைவலி வேறு. அதற்கு வழக்கமான மாத்திரையும் கோப்பியும் – அதுவாவது வாய்க்கு நன்றாக இருக்கிறது.

ஆகஸ்டு 8
கோகிலாவின் தம்பி கலியாணசுந்தரம் செங் கிராமத்திலிருந்து ஒரு கூடை மணத்தக்காளிப் பழம் கொண்டுவந்தான். தினமும் இரண்டு பிடி தின்னச் சொல்கிறான். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்!

ஆகஸ்டு 14
கருமம். எழுதவே கூசுகிறது. வெளிக்குத் தார் மாதிரி போகிறது. கலியாணசுந்தரம், "பழத்தோட கறுப்புதான் அத்தான். உள்ள இருக்கற அழுக்கு இறங்குது" என்றான். சரிதான், கறுப்பைத் தின்றால் கறுப்புதானே வரும்?

ஆகஸ்டு 17
பின்கட்டு வாளிக் கக்கூஸ் எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்கும் பொது. அவள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன செட்டி வீட்டு விதவை. தமிழ் வராது, மலாய்தான். வாளியில் கிடக்கும் கறுப்பு யாருடையது, நாற்றமே சரியில்லையே என்று கோகிலாவிடம் கேட்டிருக்கிறாள். சீ! நான் போனதை எட்டிப் பார்க்க இவள் யார்? நாளைக்கே கக்கூஸுக்குப் பூட்டு வாங்குகிறேன் என்று கத்தினேன். கத்தி முடித்ததும் மூச்சு வாங்கியது. ஏன் இத்தனை களைப்பு?

ஆகஸ்டு 19
பழம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இன்னும் கறுப்புதான். அப்படியானால் அது என்ன?
பாக்கியம் வாசலுக்கே வந்து என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். கக்கூஸ் பக்கம் கையைக் காட்டி "டாரா" என்றாள். ரத்தம். அவள் புருஷனும் இப்படித்தான் போனாராம்.
பயமா இருக்கு. கோகிலாகிட்ட எப்படிச் சொல்றது?

ஆகஸ்டு 27
ஆஸ்பத்திரி. ரத்தம் ஏற்றினார்கள். தினமும் வெறும் வயிற்றில் விழுங்கிய தலைவலி மாத்திரைதான் புண்ணைக் கிளறி ரத்தம் வரவைத்ததாம். மணத்தக்காளிக் கீரையைச் சோற்றோடு தின்னலாம், அதை நம்பி வைத்தியத்தை விடாதே, மறுபடி கறுப்பாகப் போனால் ஓடி வா என்றார் டாக்டர். பச்சிலை ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே குடித்தேன். அந்த மாத்திரையை மட்டும் ஒருநாளும் திட்டவில்லை.

ஆகஸ்டு 31
மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். வார்டு முழுக்க ரேடியோச் சத்தம். எனக்குத் தண்ணீர்ப் பால்.

செப்டம்பர் 18
வீடு. மணத்தக்காளிக் கீரை, சகிக்க முடியாத கசப்பு. கலியாணசுந்தரம் வில்வ இலையோடு வந்தான். ஆட்டுக்குப் போடச் சொல்லி அனுப்பிவிட்டாள் கோகிலா.
காலையில் அவள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு வேலிக்கு ஓடினாள். "கூனிங், காக்! கூனிங்!" மஞ்சள், அக்கா, மஞ்சள் என்று. தெருவுக்கே கேட்டிருக்கும். அசிங்கம்.
வேலிக்கு அந்தப் பக்கம் பாக்கியம் கபாயாச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.
பூட்டு வாங்கவில்லை.