இறால் உரிக்கும் கூடத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய்

அனுப்புநர்:
உரிக்கும் பிரிவுத் தொழிலாளி, இரண்டாம் வரிசை,
இறால் பதனிடும் ஆலை, துறைமுகச் சாலை.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: பெண் தொழிலாளர்களின் பூஞ்சைத் தொற்று சிகிச்சையின்றி முற்றுவது – ஆலையின் முதலுதவி அறையை மாற்றியமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஆலையில் ஒன்பது ஆண்டுகளாக இறால் உரிக்கிறேன். என் கணவரின் தங்கையும் அதே மேசையில் எனக்கு எதிரே நிற்பவள். கைவேகத்தால் அவளுக்கு ‘ரயிலு’ என்று பெயர். இருபத்தாறு வயது, திருமணமாகவில்லை. இம்மனு அவளுக்கு நேர்ந்ததைப் பற்றியது. அவள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்.

2. எங்கள் வேலை முழுக்கத் தண்ணீரில். ரப்பர் கால்சட்டைக்குள் நீர் இறங்கினால் பணி முடியும்வரை ஈரத்திலேயே நிற்க வேண்டும். மாற்றுடை கிடையாது. கழிப்பறைக்கு இரண்டு முறைதான் அனுமதி என்பதால் பலரும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம்.

3. ஐந்து மாதங்களுக்கு முன் அவளுக்குப் பிறப்புறுப்பில் கடும் அரிப்பும், தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப்படுதலும் தொடங்கின. முதலுதவி அறைக்குப் போனாள். அறை என்பது மேற்பார்வையாளர் மேசையை ஒட்டிய ஒரு பலகைத் தடுப்பு, கதவில்லை. உள்ளே இருப்பவர் ஆண் கம்பவுண்டர். சீட்டு எழுதுபவர் மேற்பார்வையாளர். அவர் கேட்டது இது: “எங்க அரிக்குது? சீட்டுல எழுதணும்ல, சத்தமா சொல்லு.” எடை போடும் இடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. “ஒண்ணுமில்ல சார், தலைவலிதான்” என்று சொல்லி, தலைவலி மாத்திரையோடு திரும்பி வந்தாள்.

4. வீட்டில் என்னிடம் மட்டும் சொன்னாள். “அண்ணி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கல்யாணமாகாதவளுக்கு இது எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க.” நானும், “வெந்நீர்ல கழுவு, போயிடும்” என்றேன். ஆலையின் குறையைச் சொல்ல வந்த நான் என் குறையையும் மறைக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

5. மருந்துக்கடையில் பொதுவாக அரிப்பு என்று மட்டும் சொல்லி ஒரு களிம்பு வாங்கினாள். பூசினால் இரண்டு நாள் அடங்கும், பிறகு முன்னைவிட அதிகமாகும். தோல் வெடித்தது. சிறுநீர் கழிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு அழுவாள். கால்களை அகட்டி நடந்ததைக் கண்டு, “ரயிலு தடம் புரண்டுடுச்சு” என்று கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

6. சென்ற மாதம் ஒரு காலை, மேசையிலேயே சரிந்து விழுந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. “காலைல சாப்பிடாம வந்திருப்பா” என்றார் மேற்பார்வையாளர். நாங்கள் நால்வர் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். வெடித்த தோல் வழியே வேறு கிருமிகள் நுழைந்து, சிவப்பும் வீக்கமும் தொடைவரை இறங்கியிருந்தன. இரத்தத்தில் சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பது அன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

7. பெண் மருத்துவர் எங்களுக்கு விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறேன். இந்தப் பூஞ்சைத் தொற்று ஒழுக்கக்கேட்டால் வரும் நோயல்ல. எந்தப் பெண்ணுக்கும் வரலாம். ஈரமும் இறுக்கமும் அதை வளர்க்கும். பெரும்பாலோருக்குச் சில நாள் மருந்திலேயே தீர்ந்துவிடும். கவனிக்காமல் விட்டால் தோல் புண்ணாகி வேறு தொற்றுக்கு வழி திறக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். திரும்பத் திரும்ப வந்தால் அதுவே சர்க்கரையின் அறிகுறியாக இருக்கலாம். கடைசியில் அவர் கேட்டார்: “நாலு மாசமா ஏம்மா சொல்லல?”

8. பதினொரு நாள் படுக்கையில் இருந்து, இருமுறை சீழ் அகற்றப்பட்டு, பிழைத்து வந்திருக்கிறாள். இப்போது சர்க்கரைக்குத் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள். ஆலை நிர்வாகமோ, ‘இது சொந்த நோய், பணியோடு தொடர்பில்லாதது’ என்று ஒரே வரியில் கடிதம் அனுப்பியது.

9. அதன்பின் உடைமாற்றும் அறையில் பெண்கள் ஒவ்வொருவராக என் அருகே வந்து, “அக்கா, எனக்கும் அப்படித்தான் இருக்கு” என்றார்கள். இதுவரை பதினான்கு பேர். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் வாய்மூடி நிற்கிறோம், ஐயா. நாங்கள் எதையும் திருடவில்லை.

ஆகவே, முதலுதவி அறைக்குக் கதவும் ஒரு பெண் செவிலியரும் வேண்டும். நோயின் பெயரை மேற்பார்வையாளரிடம் சொல்லாமலே மருத்துவரைப் பார்க்க அனுமதி வேண்டும். உலர்ந்த மாற்றுடையும், தேவைப்படும்போது கழிப்பறைக்குப் போகும் உரிமையும் வேண்டும். முன்னறிவிப்பின்றி, பணி நேரத்தில் தாங்களே நேரில் வந்து பார்க்குமாறு வேண்டுகிறேன்.

அந்தப் பதினான்கு பேரில் நான் சேரவில்லை. எனக்கும் மூன்று மாதமாக இருக்கிறது. அவளைப் பார்த்த பிறகும் மறைத்தே வந்தேன். இந்த வரியை எழுதும்வரை என் கணவருக்குக்கூடத் தெரியாது. திங்கட்கிழமை மருத்துவரிடம் போகிறேன். மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அன்று இரண்டாம் வரிசையில் ஆள் இருக்காது.

இடம்: துறைமுகச் சாலை
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
உரிக்கும் பிரிவுத் தொழிலாளி

இணைப்பு: மருத்துவமனைச் சான்று நகல், நிர்வாகத்தின் கடித நகல்.