வெள்ளைச்சியைக் கொடுத்த பிறகு

மார்ச் 4
இன்றும் மலை சாம்பலைக் கொட்டுகிறது. புல்லை அறுத்து, ஊற்றில் அலசித்தான் கம்பளி தரும் எங்கள் அல்பாக்காக்களுக்குப் போட்டேன். அலசாமல் தின்றால் பல் தேய்கிறது. பல் போனால் பட்டினிதான். என் புருஷன் எவாரிஸ்தோ வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலைப் பெரியவருக்குப் பசி, பாசிலியா. கோகா இலையும் சாராயமும் வெச்சு ஏமாத்திட்டிருக்கோம்."

இருப்பதில் நல்லதைக் கொடுக்க வேண்டுமாம். யாரைச் சொல்கிறார் என்று தெரியும். காதில் விழாத மாதிரி அடுத்த கட்டுப் புல்லை அலசப் போனேன்.

மார்ச் 9
வெள்ளைச்சியை மலைக்குப் பலி கொடுத்துவிட்டோம். தாயில்லாத அல்பாக்காக் குட்டியாக என் போர்வைக்குள் வளர்ந்தவள். நான்தான் பிடித்துக்கொண்டேன் — வேறு யார் தொட்டாலும் மிரளுவாள். என் கை என்பதால் சும்மா இருந்தாள். பாவி நான்.

மார்ச் 12
புகை நின்றுவிட்டது! சத்தமும் இல்லை. எவாரிஸ்தோ சின்னப்பிள்ளை போலக் குதிக்கிறார். "பாத்தியா? உன் மகளைத் தின்னுட்டு ஒரு ஏப்பம்கூட விடல மனுஷன்!" திட்டினேன். அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 13
எரிமலை ஆபீஸ் இஞ்சினியரம்மா வந்தார். மந்தையை மேலே மலையடிவாரப் புல்வெளிக்கு ஓட்டிப் போய்ச் சில நாள் மேய்க்க எவாரிஸ்தோ கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். காற்று சாம்பலையெல்லாம் எங்கள் பக்கம் தள்ளியதால் அங்கேதான் புல் சுத்தமாக இருக்கிறது.

"புகை நின்னது நல்லதுக்கில்லைங்க. உள்ளேருந்து வந்த நெருப்புக் குழம்பு இறுகிப்போய் வாயை அடைச்சிருக்கு. கீழ ஆவி சேந்துக்கிட்டே இருக்கு. என்னைக்கு வேணா வெடிக்கும், மேல போகாதீங்க" என்றார் அந்தம்மா.

"வாங்குறதை வாங்கிட்டு எங்களையே அடிப்பாரா பெரியவர்?" என்றார் எவாரிஸ்தோ. ஆனாலும் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார்.

அந்தம்மா சொல்வது உண்மையென்றால் வெள்ளைச்சி எதற்குச் செத்தாள்? அதை என்னால் தாங்க முடியவில்லை. "போயிட்டு வாங்க" என்றேன்.

மார்ச் 15
வெடித்துவிட்டது. பகலிலேயே இருட்டு. கூரைத் தகரத்தில் கல் விழுகிறது. ஐயோ, ஏன் அப்படிச் சொன்னேன்? ஏதாவது பாறைக்குப் பின்னால ஒதுங்கியிருப்பாரு. ஒதுங்கியிருக்கணும் —

மார்ச் 17
தேடப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். அந்தப் புல்வெளியே இல்லையாம்.

மார்ச் 18
மலை மறுபடி புகைகிறது. வாய் திறந்துகொண்டது, இனிக் கொஞ்சம் நிம்மதி என்கிறார் இஞ்சினியரம்மா. யாருக்கு?

மார்ச் 19
செத்துப்போனவர் துணியை ஐந்தாம் நாள் ஆற்றில் துவைப்பது எங்கள் வழக்கம். மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். உடம்பே கிடைக்கவில்லை, அதற்குள் என்ன துணி? நாத்தனார் தோமாசா வெளியே உட்கார்ந்து அழுதாள். "துவைக்கலேன்னா அண்ணன் போகவும் முடியாம வரவும் முடியாம நிப்பாரு, அண்ணி."

சாயங்காலம் போனோம். ஆறு சேறாக ஓடுகிறது. அவருடைய கம்பளிச் சட்டையை முக்கினேன். காலரில் இன்னும் அவர் வாசனை இருந்தது. அதை மட்டும் நனையாமல் கைக்குள் பிடித்துக்கொண்டு, மீதியைத் துவைத்தேன்.