போயிட்டு வாங்க

திருத்துறைப்பூண்டி
2.8.1997

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் பிள்ளையும் சுகம். மெட்ராஸ் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? லாட்ஜில் மூட்டைப்பூச்சி இருக்கும், பாயை உதறிவிட்டுப் படுங்கள்.

நீங்கள் பஸ் ஏறும்போது சபிஹா "அத்தா, போ" என்றாளே, அதற்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு வாங்கினாள். கிளம்புகிறவரிடம் அப்படிச் சொல்லலாமா? வீடு வரும்வரை "போயிட்டு வாங்க அத்தா" என்று சொல்ல வைத்தே கூட்டி வந்தேன்.

அரிசி மில் மூடியதிலிருந்து நீங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெல்டிங் தெரிந்த கைக்கு வெளிநாட்டில் கிராக்கி என்று எல்லோரும் சொல்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் தம்பி யூனுஸும் இப்படி ஓர் ஆபீசில் இண்டர்வியூ முடித்துச் சிரித்துக்கொண்டுதான் போனான். நோன்புப் பெருநாளுக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூடத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

கேள்வி கேட்பது அவர்கள் வேலை என்று இருந்துவிடாதீர்கள். நீங்களும் ஒன்று கேளுங்கள். இதற்கு முன்னால் போனவர் ஒருவருடைய விலாசம் கொடுங்கள், எழுதி விசாரித்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். அதுவரை பாஸ்போர்ட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஆசியா


மெட்ராஸ்
7.8.1997

ஆசியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நேற்று இண்டர்வியூ முடிந்தது. உன் புருஷன் செலக்ட்! பத்தே நிமிஷம்தான். நீ பயந்ததெல்லாம் வீண்.

மண்ணடியில் மாடி ஆபீஸ், உள்ளே ஏ.சி. மானேஜர் தங்கமான மனுஷன். வெல்டிங்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை, ராடைக் கையில் கொடுத்துப் பார்க்கவும் இல்லை. இங்கிலீஷ், இந்தி தெரியுமா என்றார். தெரியாது என்று கூச்சத்தோடு சொன்னேன். "அதனால என்ன" என்றார். வீட்டில் வேறு ஆம்பளை யார் இருக்கிறார்கள் என்று அக்கறையாக விசாரித்தார். அத்தா மவுத்தாகிவிட்டார், மச்சினனும் ஊரில் இல்லை, பெண்டாட்டியும் சின்னப் பிள்ளையும்தான் என்றேன்.

உன் கேள்வியையும் கேட்டேன், தாயே. "எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க பாய், ஏன் சந்தேகப்படறீங்க?" என்று தோளில் தட்டினார். அதற்கு மேல் கேட்க வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும்.

வாசலில் பெயர் பதிகிற பெண் நம் பக்கத்து ஆள். பிரகதாம்பாள் என்று பெயர், சொந்த ஊர் பூதலூர். அப்பா இராஜாங்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாராம். ஆனால் அவள் பழக்கத்தைக் கேள். எனக்கு முன்னால் வேறு வேலையாக வந்து கிளம்பியவரிடம் "போயிட்டு வாங்க சார்" என்றவள், என்னிடம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "போங்கண்ணே" என்றாள். "வர்றேம்மா" என்றேன். மறுபடியும் "போங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

மாடிப்படி வரை வழியனுப்ப வந்த மானேஜரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். "எங்க ஊர்ப் பொண்ணு மெட்ராஸ் வந்து மரியாதைய மறந்துட்டா சார், போயிட்டு வாங்கன்னு சொல்லத் தெரியல" என்றேன். அவரும் சிரித்தார். "அப்படியா சொன்னா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

சுஹைப்


திருத்துறைப்பூண்டி
9.8.1997

மச்சான்,

ஸலாம். லாட்ஜுக்கு எஸ்.டி.டி. போட்டேன். ஆள் இல்லை என்று வைத்துவிட்டார்கள். கடைச் சரக்கு எடுக்க மெட்ராஸ் வரும் ஜெகபர் அலி அண்ணன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பிள்ளை மேல் ஆணையாகக் கேட்கிறேன்.

அவள் மரியாதையை மறக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற சம்பந்தியிடம்கூட நம் பக்கத்தில் யாரும் வெறும் "போங்க" என்று சொல்வதில்லை. அதை அவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். திரும்பி வராதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை. மானேஜர் காதில் விழுமே!

வேலை தெரியுமா என்று கேட்காதவர், உங்களைத் தேடி வர ஆள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நீங்களும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அந்தப் பெண் சொன்னதை ஏன் மச்சான் அவரிடமே சொன்னீர்கள்? இனி அவளை அவர் சும்மா விடுவாரா?

ஆசியா


மெட்ராஸ்
11.8.1997

ஆசியா,

கடிதம் கிடைத்தது. பாஸ்போர்ட் என் மடியில்தான் இருக்கிறது.

ஆனாலும் மனசு கேட்காமல் இன்று காலை அங்கே போனேன். வாசலில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். "இங்க இருந்த பூதலூர் அம்மா?" என்றேன். "அவங்க போயிட்டாங்க" என்றாள். வேலையை விட்டா என்று கேட்டேன், நோட்டைப் புரட்டத் தொடங்கினாள். அதற்குள் மானேஜர் வந்து கையை நீட்டினார். ஜெராக்ஸ் எடுத்து வருகிறேன் என்று சொல்லி நழுவினேன். "போயிட்டு வாங்க சார்" என்று அந்தப் புதுப் பெண் வாய் நிறையச் சொன்னாள். விடுவிடுவென்று இறங்கினேன்.

படியில் என்னோடு செலக்ட் ஆன இரண்டு பேர் ஏறி வந்தார்கள். போகாதீர்கள் என்றேன். சிரித்துவிட்டு ஏறிப் போனார்கள்.

விளையாட்டாகச் சொன்னேன், ஆசியா. வேறு ஒன்றும் நினைக்கவில்லை. பாஸ்போர்ட்டை இதோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். அரிசிப் பானைக்குள் வை. இன்று ராத்திரி தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி பூதலூர் போகிறேன். அவள் வீடு வந்து சேர்ந்திருந்தால் போதும்.

சுஹைப்


பூதலூர்
12.8.1997

ஆசியாவுக்கு,

ஸலாம். அவள் இங்கே வரவில்லை.

நான் போனபோது அவள் அப்பா டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். பிரகதாம்பாள் ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் அம்மா காபி கொண்டுவந்து, "நல்லா சாப்பிடுறாளா தம்பி?" என்று கேட்டார். காபியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அவள் என்னிடம் சொன்னது, நான் மானேஜரிடம் சொன்னது இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. இராஜாங்கம் ஐயா கையைக் கழுவிவிட்டுக் கடைப் பலகையைப் போட்டு அடைத்தார்.

அவரோடு நானும் மெட்ராஸ் திரும்புகிறேன். அவளுடைய ஹாஸ்டல், போலீஸ் ஸ்டேஷன், அந்த ஆபீஸ் எல்லாவற்றுக்கும் போவோம். உனக்குப் பயமாக இருக்கும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளைத் தேடி வர ஆள் இருக்கிறது என்று அந்த மானேஜருக்குத் தெரிய வேண்டும். எங்கே தங்குவோம் என்று தெரியவில்லை, அதனால் இதற்குப் பதில் எழுதாதே. துஆ செய்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் தெருவில் இறங்கியதும், "ரெண்டு பேரும் போயிட்டு, மூணு பேரா வாங்க" என்றார்.

போயிட்டு வர்றேன், ஆசியா.

சுஹைப்