நண்டுக் கம்பெனியில் எனக்கு மாதவிடாய் நின்றபோது

என்னைக் கேலி பேசியே ஆளாக்கிய மதினிக்கு,

நீங்கள் கண்ணை மூடிப் போனபிறகு இந்த வீட்டில் எனக்குச் சண்டை போட ஆளில்லை. அண்ணன் எதற்கெடுத்தாலும் சரி சரி என்கிறார். அவரோடு என்னத்தைச் சண்டை போடுவது?

விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருவரும் வேனில் போய்வந்த மண்டபத்து நண்டுக் கம்பெனியில் என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். மாதவிடாய் நிற்கிற நேரம் எனக்கு. சும்மா இருக்கும்போதே உடம்பெல்லாம் எரிகிறது, ஜாக்கெட் நனைந்துவிடுகிறது. அன்றைக்கு நண்டுச் சதை உரித்துக்கொண்டிருந்தவள் தாங்கமுடியாமல் ஐஸ் ரூமுக்குள் போய் நின்றேன். கதவைச் சாத்த மறந்தது என் தப்புதான். ஆனால் சூப்பர்வைசர் கதவைப் பற்றிப் பேசவில்லை.

"ஒங்க மதினிக்கும் இதே தொந்தரவுதான். அடிக்கடி பாத்ரூம் போவாங்க, அதான் நிப்பாட்டுனோம். நீங்களும் நின்னுக்கங்க" என்றார்.

எனக்குப் பகீரென்றது. மூட்டுவலி என்றல்லவா எங்களிடம் சொன்னீர்கள்? என்னைவிட வேகமாக நடக்கிற மனுஷிக்கு என்ன மூட்டுவலி என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினீர்களே. எத்தனை நாள் தனியாக அழுதீர்கள், மதினி?

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். பெண் என்பதற்காக வேலையில் வேறுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். மாதவிடாய் நிற்பதைப் பற்றித் தனியாக ஒரு வரியும் இல்லையாம். இருப்பதை வைத்துக் கேட்டுப் பார்ப்போம், ஜெயிப்போம் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம்.

உடனே மேனேஜர் ஆள் விட்டார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எனக்கு மூட்டுவலி, அதனால்தான் நின்றேன் என்று எழுதிக் கொடுத்தால் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறாராம். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அண்ணனும் கெஞ்சினார்.

"எழுதிக் குடுத்துரு தாயி. அந்த அசிங்கத்தப் போயி ஆபீசர்ட்ட எப்புடிச் சொல்லுவ?"

"மதினிக்கு வந்ததும் அசிங்கமாண்ணே?"

"எங்கிட்டயும் மூட்டுவலின்னுதான சொன்னா, பாவி மக" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாளைக்கு விசாரணை. அண்ணன்தான் வண்டியில் கூட்டிப்போகிறார். வேலை திரும்பக் கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் என் உடம்பில் நடந்ததை நடந்தபடியே சொல்வேன். சொல்லி முடித்துவிட்டு, உங்கள் பேரைச் சொல்லி, உங்களுக்கு நடந்ததையும் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் வாயாடி நாத்தனார்,
செல்வி