பெஞ்சில் நிமிர்ந்த மண் கோப்பைகள்

கல்கத்தா நியூ டவுன் அலுவலகத்துக்குக் கீழே இன்று மண் கோப்பையில் டீ வாங்கினேன். முதல் வாய்க்கே சுட்ட மண்ணின் வாசம் மூக்கில் ஏறியது. கூட வந்தவர்கள் குடித்ததும் கோப்பையைத் தொட்டியில் வீசி உடைத்தார்கள். எனக்குக் கை வரவில்லை. உன்னால் வந்த வியாதி, நண்பா.

தொண்ணூறுகளின் கடைசியில் நம் கம்பெனி அலிப்பூரில் இருந்தது. சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் எத்தனை தடங்களில் வண்டி நிற்கிறது என்று திரையில் காட்டும் நிரலை நான் சி மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டுத் தடம், எட்டு பிட். வண்டி நின்றால் ஒன்று, காலியென்றால் பூஜ்யம். எண்ணை வலப்பக்கம் தள்ளித் தள்ளி, விழும் ஒன்றுகளை எண்ணி, எல்லாம் பூஜ்யமானதும் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எட்டாம் தடத்தில் வண்டி நின்றால் மட்டும் கம்ப்யூட்டர் உறைந்துபோகும்.

திங்கட்கிழமை அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள், ஓடாவிட்டால் நான் மெட்ராஸ் ரயிலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். புதுக் கல்யாணம், வேலை நிரந்தரமாகவில்லை. அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரனான நீ, கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், என்னைக் கீழே டீக்கடைக்கு இழுத்துப்போனாய். பெஞ்சில் மற்றவர்கள் குடித்து வைத்த கோப்பைகளையும் கேட்டு வாங்கி வரிசையாக அடுக்கினாய். நிமிர்ந்தது ஒன்று, கவிழ்ந்தது பூஜ்யம். இடது கோடியில் எட்டாம் தடம், நிமிர்ந்து.

"நீ புரோகிராம். நான் மெஷின். எனக்குச் சொந்த புத்தி கிடையாது, நீ எழுதினதைத்தான் செய்வேன். தள்ளு."

வரிசையைத் தள்ளினேன். வலது ஓரத்துக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது. இடது ஓரத்தில் காலியான இடத்தில் நீ இன்னொரு நிமிர்ந்த கோப்பையை வைத்தாய்.

"டேய், அங்க ஜீரோல்ல வரணும்?"

"நம்பரை எப்படி டிக்ளேர் பண்ணே? இடது கோடி பிட்டுதான் அதுக்கு மைனஸ் குறி. தள்ளத் தள்ள மைனஸாவே இருக்கணும். அதனால திரும்பவும் ஒண்ணுதான் வைப்பேன். தள்ளுங்க, மோஷாய்" என்று வங்காளத்தில் ஐயா போட்டாய்.

உடைந்த கோப்பைக்குப் பதில் கோப்பை வேண்டுமே; இன்னொரு டீ. தள்ளு. இன்னொரு டீ. கடைக்காரர், "ஆர் கத்தோ, தாதா?" என்று கேட்டார், இன்னும் எத்தனைதான் அண்ணா என்று. நீ என்னைக் கைகாட்டி, இவன் நிறுத்தும்வரை என்று வங்காளத்தில் சொன்னாய். பெஞ்சில் இப்போது கவிழ்ந்த கோப்பை ஒன்றுகூட இல்லை. இனி வரவும் வராது. நான் சாகும்வரை டீ குடிக்க வேண்டியதுதான். எனக்குப் புரிந்த கணத்தில் வந்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது.

ஒரு சொல் போதும்: அன்சைன்ட். இந்த எண்ணுக்கு மைனஸே கிடையாது என்று சொல்லிவிட்டால் இடப்பக்கம் பூஜ்யம் வந்துவிடும்.

"தெரிஞ்சிருந்தா மேலயே சொல்லித் தொலைக்கறதுதானே?"

"அப்புறம் எனக்கு யாருடா டீ வாங்கித் தருவா?"

திங்கட்கிழமை எட்டாம் தடத்தில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. திரை உறையவில்லை, எண்ணிக்கை சரியாக வந்தது. பின்னாலிருந்து நீ உள்ளங்கையைக் கோப்பைபோல் குவித்துக் கவிழ்த்துக் காட்டினாய். கைகுலுக்கல்களையெல்லாம் மேலாளர் வாங்கிக்கொண்டார். நான் பொருமினேன். "விடுடா, வயித்துல இருக்கற டீ நம்மளோடது" என்றாய்.

நீ இறந்துபோனதை உன் அண்ணன் எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார். அவர்மேல் கோபம். இந்த அலுவலகத்தில் என் பதவி உயர்வைப் பறித்தவன்மேல் கோபம். ஒரு கோபத்தைத் தள்ளினால் இடப்பக்கம் இன்னொன்று நிமிர்ந்து நிற்கிறது. எனக்கு அந்த ஒரு சொல்லைச் சேர்க்க யாரோ மறந்துவிட்டார்கள்.

ஆனாலும் இன்று நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். கோப்பையைக் கழுவி எடுத்துவந்து மேசையின் இடது ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் உன் அண்ணனுக்கு போன் செய்து பேசப் போகிறேன்.

மேலாளரை மன்னிக்க இன்னும் நிறைய டீ குடிக்க வேண்டியிருக்கும்.