ஆள் வசிக்கும் ஒரு வீடு

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் வேனின் சைலன்சர் கழன்று விழுந்தது. கயிற்றால் கட்டிக்கொண்டு பந்தாமா போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை சாவுச் சடங்கு. கூடத்துக்கு இன்னும் இரண்டாவது பூச்சு பாக்கி. வீட்டுப் பெரியவர் செத்து, நவம்பரிலிருந்து ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் இருக்கிறார். நான் வீட்டை முடித்துக் கொடுத்தால்தான் அவரை வெளியே எடுப்பார்கள்.

மத்தியானம் அக்ராவிலிருந்து லாம்ப்டே அம்மாள் போன் செய்தார். கடற்கரையில் விடுதி கட்டுகிறாரே, அவர்தான். நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டாராம்.

"வேலை சுத்தமா இருக்கு, அதோமா. ஆனா ஒரு படத்துலயும் மனுஷனே இல்லையேம்மா. நான் கட்டுறது விடுதி. ஆளுங்க தூங்கணும், சாப்பிடணும். நீ செஞ்ச வீட்டுல யாராவது வாழுற மாதிரி ஒண்ணு காட்டு. ஏப்ரல் கடைசிக்குள்ள காட்டினா வேலை உனக்கு."

காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எதைக் காட்டுவது? எட்டு வருடத்தில் நாற்பத்தோரு வீடு. நாற்பத்தொன்றும் சாவுக்காகச் செய்தவை. உயிரோடு இருக்கிறவரைக்கும் கூரை ஒழுகினால் கீழே பாத்திரம் வைக்கிறார்கள். செத்த மறுநாள் எனக்குப் போன் வருகிறது.

இதற்காகவா உள் அலங்காரம் படித்தேன்?

பிப்ரவரி 6, வியாழன்

நம்பவே முடியவில்லை. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு வேலை!

நானா போவாஹென். மரம் அறுத்து விற்றுப் பெரிய ஆளானவர், தன் கிராமத்துக்குத் தலைவரும்கூட; நானா என்பது அந்தப் பட்டம். வீடு இங்கே குமாசியிலேயே, ந்யேசோவில். மகள் டூஃபிதான் கூப்பிட்டாள். அழகான பெண், கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்திருக்கிறது. "அப்பாவுக்கு முட்டி வலி. இப்ப கிராமத்துக்குப் போயிருக்கார். அவர் ரூமையும் கூடத்தையும் நல்லா பண்ணிக் குடுங்கக்கா" என்றாள். அங்கே அவருக்குக் கோகோ தோட்டம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

திரும்பும்போது வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். மேஸ்திரி அன்ட்வி வழக்கமாக என் குரலைக் கிண்டல் செய்வார். இன்று வாயே திறக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

நானா கட்டிலில் இடது பக்கம்தான் படுப்பார். பித்தளைக் கட்டில் ஆகாது, திரும்பிப் படுத்தால் சத்தம் போடுமாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கோப்பை மைலோ. செருப்பை யாராவது நகர்த்தினால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும்.

எல்லாம் டூஃபி சொல்லித்தான் தெரியும். நாளுக்குப் பத்துக் கேள்வி கேட்கிறேன். முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையில் பதில் வந்தது. இப்போது நான் கேட்காமலே போனில் பேசிப் பேசி அனுப்புகிறாள். நேற்று ஒன்றில் அழுகிற மாதிரி இருந்தது. கேட்டால் ஜலதோஷம் என்கிறாள்.

எட்டு வருடத்தில் யாரைப் பற்றியாவது இப்படிக் கேட்டிருக்கிறேனா? இதுதானே என் தொழில்!

பிப்ரவரி 20, வியாழன்

சன்னல்! குளிக்கும்போது தோன்றியது. நானாவுக்குத் தெருவில் போகிற வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். முட்டி வலிக்காரர் எப்படி எழுந்து எழுந்து எட்டிப் பார்ப்பார்? அதனால் சன்னலுக்குக் கீழே சுவரை உடைத்து, அதைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு இறக்கிவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுத் தெருவும் தெரியும். சாயங்கால வெயில் நேராக முகத்தில் விழும்.

லாம்ப்டே அம்மாளுக்கு அனுப்பும் படம் இதுதான். நானா, சன்னல், கையில் மைலோ.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "யார் யாருக்கோ சன்னல் வை. என் சமையலறைக்கு ஒரு அலமாரி கேட்டு ஆறு வருஷமாச்சு" என்றாள். நியாயம்தான்.

மார்ச் 4, செவ்வாய்

கூடத்து வாசலை ஐந்தடிக்கு அகலப்படுத்த வேண்டுமாம். குடும்பத் தலைவர் பாடு மாமாவின் உத்தரவு. சக்கர நாற்காலிக்காக இருக்கும் என்றேன்.

"சக்கர நாற்காலிக்கு எதுக்கு மேடம் அஞ்சடி?" என்றார் அன்ட்வி.

"உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி!" என்று கத்திவிட்டேன். பாவம் மனிதர்.

மார்ச் 13, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பாடு மாமா நான்கு ஆட்களோடு வந்தார். "கட்டிலை வெளிய எடுங்க. பித்தளைக் கட்டில் வருது, சன்னலுக்கு நேரா போடணும்" என்றார்.

நானாவுக்குப் பித்தளை ஆகாதே, சத்தம் போடுமே என்றேன்.

"அவருக்கு இனிமே என்னம்மா சத்தம்?"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. "கிராமத்துலேர்ந்து எப்ப வர்றார்?" என்று கேட்டேன். கேட்டேனே!

கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பாடு மாமா கோபப்படக்கூட இல்லை. "நீ எந்த ஊருப் பொண்ணு?" என்றார்.

"குமாசிதான்."

"குமாசிப் பொண்ணுக்கு, ஒரு தலைவர் கிராமத்துக்குப் போயிருக்கார்னா என்னன்னு தெரியாதா?"

தெரியும். இங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தலைவர்கள் சாவதில்லை, கிராமத்துக்குப் போகிறார்கள். மன்னரின் அரண்மனைக்கு முறையாகச் சொல்லி முடிக்கும்வரை அந்த இன்னொரு வார்த்தையை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். என் காதால் கேட்டு, என் கையாலேயே இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தோட்டம் இருக்கிறது, அதனால் போயிருப்பார் என்று நானே ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 29-லிருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறார். நான் இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

அன்ட்வியைப் பிடித்துக் கேட்டேன். ஏன் சொல்லலை? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும்—

"தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நெனச்சேன் மேடம். அப்புறம் தெரியலைன்னு தோணுச்சு. அப்ப நீங்க பாடிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு வாய் வரலை."

டூஃபி பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். திட்டத்தான் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய சொல்லக் கூடாது, வீட்டுக்குள்ள அழவும் கூடாதுன்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் அப்பா இருக்குற மாதிரி கேட்டீங்க. நீங்க கேக்கக் கேக்க எனக்கும் அப்படியே இருந்துச்சுக்கா."

அவளை என்ன சொல்லித் திட்டுவது? இருவரும் அழுதோம். பிறகு, அவரைக் கிடத்துவதற்கான பித்தளைக் கட்டிலைச் சன்னலுக்கு நேராகப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 22, சனி

சாவு. தெருவெல்லாம் பந்தல், கறுப்பும் சிவப்புமாய்க் கூட்டம், முரசு.

நானாவை முதல் தடவையாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட ஒல்லி. சாயங்கால வெயில் சன்னல் வழியாக வந்து நேராக அவர் முகத்தில் விழுந்தது. கூட்டமே மூச்சை இழுத்துக்கொண்டது. "தூங்குற மாதிரியே இருக்காரே!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். டூஃபி மட்டும் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 24, திங்கள்

மூன்று குடும்பங்கள் கூப்பிட்டுவிட்டன. மூன்றிலும் அதே பேச்சு. "அந்தத் தாழ்ந்த சன்னல் எங்களுக்கும் வேணும். முகத்துல வெளிச்சம் விழணும்."

ஏப்ரல் 7, திங்கள்

லாம்ப்டே அம்மாள் சொன்ன கெடுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வேறு எவர் வீட்டையும் நம்பப் போவதில்லை. அம்மா வீட்டையே செய்கிறேன். டாஃபோவில் அந்தப் புகையடித்த சமையலறை. அலமாரி, புது மேடை, சுவருக்கு இளம் மஞ்சள். அம்மா கிழங்கை உரலில் போட்டு ஃபூஃபூ இடிப்பதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். அதைவிட உயிருள்ள படம் உலகத்தில் உண்டா?

சொன்னதும் அம்மா போனில் சிரித்த சிரிப்பு! "நெசமாத்தான் சொல்றியா? எனக்கு எட்டுற உயரத்துல வைக்கச் சொல்லுடி."

ஏப்ரல் 9, புதன்

காலை ஏழு மணிக்கு வேன் அம்மா வாசலில் நின்றது. வேனில் என் பெயர் பெரிதாக இருக்கிறது. எட்டரைக்குள் ஒரு சுவர் முடிந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு அஃப்ராகொமா சித்தி கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வாசல்ல உன் வேனைப் பாத்தேன். எப்பம்மா ஆச்சு? நேத்துக்கூட நல்லாத்தானே பேசினா?" என்று அழுதாள். பின்னாலேயே சர்ச் பெண்கள் பன்னிரண்டு பேர், எல்லாரும் கறுப்பில், வாசலிலேயே பாட்டு எடுத்தார்கள்.

அம்மா கொல்லையிலிருந்து மரவள்ளிக் கிழங்கோடு வந்தாள். சித்தி அலறிக்கொண்டு பெயிண்ட் வாளியில் காலை விட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். அம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

மத்தியானத்துக்குள் ஒபுவாசியில் இருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து இரண்டு போன். எடுத்தது அம்மா. கூப்பிட்டவர்கள் அம்மா குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு அவளே ஏணியைத் தூக்கி வெளியே வைத்தாள்.

"வண்டிய எடுக்கச் சொல்லு."

"அலமாரி மட்டும் மாட்டிடுறோம்மா."

"வேணாம். கோபமில்லடி. இப்ப எதுவும் வேணாம், அவ்ளோதான். எப்ப செய்யணுமோ அப்ப நீ எப்படியும் வந்து செய்வ. அன்னைக்கு நல்லா செய்."

மே 2, வெள்ளி

லாம்ப்டே அம்மாள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 15, திங்கள்

ஆட்கள் பதினான்கு பேர் ஆகிவிட்டார்கள். இரண்டாவது வேன் வந்தாயிற்று. அன்ட்வி அதில் என் பெயரை எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன். டிசம்பர் வரை எல்லாச் சனிக்கிழமைக்கும் ஒரு சாவு வீடு பதிவாகிவிட்டது. அஹோட்வோவில் இன்று இன்னொரு சன்னலை இறக்கினோம்.

அம்மாவைப் பார்க்க, வேனை விட்டுவிட்டு டாக்சியில் போனேன். முக்கில் இறங்கி நடந்தேன். சமையலறையில் ஒரு சுவர் மஞ்சள், மூன்று சுவர் புகை. சூப் கொடுத்தாள், நன்றாக இருந்தது. கிளம்பும்போது வாசல்வரை கூடவே வந்து, தெருவில் எல்லாரும் பார்க்கிற மாதிரி சத்தமாக என்னோடு பேசிக்கொண்டு நின்றாள்.